தமிழ் மிஸ்ஸியின் மேசை

என் மகளுக்குக் காது குத்தியபோது அழுதது அவள் இல்லை. அவளை மடியில் வைத்திருந்தவர்தான். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபம். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்ததும், வாயில் கற்கண்டோடு பாப்பா அவர் விரல்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் வைத்திருந்தவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சீக்கிரம் குத்துங்க, சீக்கிரம் குத்துங்க" என்று ஆசாரியை விரட்டினார். இரண்டாவது காதுக்கு வந்தபோது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மண்டபமே சிரித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டி, இமை கொட்டாமல் ரத்ததானம் செய்கிற மனிதர் அவர். ஒரு சின்னக் காதில் கம்பி ஏறுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. அன்றைக்கு எடுத்த படத்தில் பாப்பா சிரிக்கிறாள், அவர் அழுகிறார், பின்னால் நான் பூரித்துப்போய் நிற்கிறேன். கிழித்துவிடலாம் என்று அந்தப் படத்தை இரண்டு முறை கையில் எடுத்திருக்கிறேன். இன்னும் கிழிக்கவில்லை.

எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது முறை. பெட்டாலிங் ஜெயாவில் சித்தி மகன் ஒருவன் இருக்கிறானே, அவனைக் கூப்பிடு என்றார்கள். அவன் என் கல்யாணத்துக்கே சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டுப் போனவன். நான் பிடிவாதமாக ஃபோர்மேன் அண்ணனைத்தான் கூப்பிட்டேன். ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. காப்பார் போகும் சாலையில் ஒரு லோரிக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற ஓட்டுநர்கள் எல்லாரும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் வளையலும் கவுனும் காதுக்குத் தோடும் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி, எங்கள் அண்ணி, ஒரு பெரிய தூக்கு நிறைய கேசரி கிண்டி எடுத்து வந்தாள். எந்த ஊர்ச் சொந்தக்காரனும் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் வேலை. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கிப் பிரிவில் நான் நர்ஸ். எங்கள் பெரியவர்கள் நர்ஸை இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரக் கடைசியில் கோயில் மண்டபம், பேரங்காடி, பள்ளிக்கூடம் என்று போய்ப் படுக்கையும் பையும் பரப்பி ரத்ததான முகாம் நடத்துவோம். கிள்ளான் முகாம் என்றால் ஃபோர்மேன் அண்ணன் வந்துவிடுவார். தனியாக வர மாட்டார். வேனில் பத்துப் பதினைந்து ஓட்டுநர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். "மிஸ்ஸி, இன்னிக்குப் பதிமூணு பேரு லா. எல்லாம் நல்ல நாட்டு ரத்தம்" என்று வாசலிலிருந்தே குரல் கேட்கும். கொடுத்து முடித்ததும் மைலோவும் பிஸ்கட்டும் எல்லாருக்கும் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தான் குடிப்பார். முகாம் ஆண்டு விழாவில் அவருக்கு மாலை போட்டபோது வாழ்த்துரை வாசித்தவள் நான்தான். 'தன்னலமற்ற' என்ற சொல்லை அதில் எத்தனை தடவை எழுதியிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒரு வருடம் வெள்ளம் வந்து எங்கள் தாமான், வீடமைப்புப் பகுதி முழுவதும், மூழ்கியது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து, எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி லோரியில் ஏற்றியவர் அவர். பாப்பாவை அண்ணி தன் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொண்டாள். நான்கு சுவருக்குள் அவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. அண்ணி வாய் ஓயாமல் திட்டுவாள், அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அவருடைய ரத்ததானப் புத்தகங்களை, சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகங்கள், அண்ணி பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாமி மேடையில் வைத்திருந்தாள். "எனக்குப் புள்ள இல்ல. இந்த மனுசன் ரத்தம் யாரு யாரு ஒடம்புலயோ ஓடுது, அது போதும்" என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். இப்படிப்பட்ட வீட்டை யார்தான் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்?

என் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தம் கொடுக்க வருகிறவர் ஒரு படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு நாங்கள் ஒருமுறை வாயாலும் கேட்க வேண்டும். காய்ச்சல் உண்டா, பல் பிடுங்கினாயா, பச்சை குத்தினாயா என்று வரிசையாகப் போகும். நடுவில், காசு கொடுத்து உறவு கொண்டதுண்டா, பல பேரோடு உறவு உண்டா என்று வரும். உண்டு என்றால் ரத்தம் எடுக்க மாட்டோம். எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் புகுந்த முதல் சில வாரங்களில் சோதனையில் பிடிபடாமல் தப்பிவிடலாம். இயந்திரம் கோட்டைவிடுவதைக் கேள்விதான் பிடிக்க வேண்டும். இதை நான் பயிற்சியில் படித்தேன், புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஃபோர்மேன் அண்ணனின் ஆட்கள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்து, "படிவமெல்லாம் புரியல மிஸ்ஸி, நீங்களே போட்டுடுங்க" என்பார்கள். வயதில் மூத்தவர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும். நான் அவர்களை அண்ணே என்று கூப்பிடுவேன், அவர்கள் என்னைத் தங்கச்சி என்பார்கள். பக்கத்து மேசையில் என் மலாய்த் தோழி அதே கேள்வியை மலாயில் முகம் மாறாமல் கேட்டுவிடுவாள். மலாயில் அது படிவத்தில் உள்ள ஒரு கேள்வி. தமிழில் ஓர் அண்ணனைப் பார்த்து எப்படிக் கேட்பது? எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஏச்சாகவே விழும். அதனால் காய்ச்சலையும் பல்லையும் பச்சையையும் ஒன்றொன்றாகக் கேட்டுவிட்டு, அந்த இடம் வந்ததும் குனிந்துகொண்டு, "மத்ததெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல அண்ணே?" என்பேன். அவர்களும் குனிந்துகொண்டே தலையாட்டுவார்கள். நானே 'இல்லை' என்று கோடு போட்டுவிடுவேன். இதற்கு நான் வைத்திருந்த பெயர் மரியாதை. என் மேசையில் எப்போதும் நீண்ட வரிசை நிற்கும். நான் தமிழ் பேசுகிறேன், ஊசியை வலிக்காமல் போடுகிறேன், அதனால்தான் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலோசனை அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முகாமில் ரத்தம் கொடுத்த ஓர் ஓட்டுநருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, கடிதம் போட்டு வரவழைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். உள்ளே போனால், அண்ணனின் வேனில் வருகிற ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும், இரண்டு சின்னப் பிள்ளைகள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் விளக்கினார். இப்போது மாத்திரை இருக்கிறது, அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் நன்றாக வாழலாம், கிருமி அடங்கிவிட்டால் மனைவிக்கும் உறவின் வழியாகப் போகாது என்று சொன்னார். பிறகு படிவத்தை எடுத்து வைத்து, காசு கொடுத்துப் போனதில்லை என்று இதில் இருக்கிறதே என்று கேட்டார்.

"நான் பொய் சொல்லல டோக்டர். யாருமே கேக்கலையே" என்றார் அவர். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "தமிழ் மிஸ்ஸிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க நல்லவங்க. அவங்க மேசைக்குப் போனா அந்தக் கேள்வி வராதுன்னு பெரியவருதான் சொன்னாரு" என்றார்.

எந்தப் பெரியவர் என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னார். துறைமுகத்தில் கண்டெய்னருக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். சம்பளம் வந்த வாரம் நாலு பேர் சேர்ந்து கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போவார்கள். பின் சந்தில் மாடிப்படி ஏறினால் பெண்கள் இருப்பார்கள். பயம் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குத்தான் பெரியவர் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடு. உன் ரத்தத்தில் ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரிக்காரனே கடுதாசி போடுவான். கடுதாசி வரவில்லையா, நீ சுத்தம். "அப்புறம் காண்டம் எதுக்குன்னு விட்டுட்டோம் டோக்டர். மேல போனா அந்தப் பொம்பளைங்க காண்டம் போடச் சொல்லுவாங்க. நாங்க ரத்தம் குடுக்கிற புத்தகத்தக் காட்டுவோம். இங்க பாரு, கவர்மெண்டு சாப்பு, நான் க்ளீன்னு. சில பேரு ஒத்துக்குவாங்க."

அந்தச் சாப்புக்கு, அந்த முத்திரைக்குப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. ஒருத்தி காண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போடு என்று கெஞ்சியிருக்கிறாள். வந்தவன் என் கையெழுத்தைக் காட்டி அவள் வாயை அடைத்திருக்கிறான். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு இப்படி நடந்தது, யாருக்கு எது வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது, எதுவும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு தீபாவளிக்குப் பூவும் பலகாரமும் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்போதெல்லாம் அந்தச் சந்துப் பக்கம் என் தலை திரும்பும். மாடியில் துணி காயும், ஜன்னலில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருப்பாள். ஊர் உலகம் அவர்களைத்தான் நோய் பரப்புகிறவர்கள் என்று சொல்கிறது. நானும் முன்னால் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஓட்டுநர் வெளியே போனதும் டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெரியவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் அவர்தான். "விசாரிச்சுச் சொல்றேன் டோக்டர்" என்றேன். இருபத்திரண்டு வருட வேலையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். படிவத்தில் போட்ட கோடுகளை எல்லாம் அதுவரை நான் பொய்யாகவே எண்ணியதில்லை.

அந்த ஓட்டுநர் அதற்கு முந்தைய முகாமில் கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று தேட ஆரம்பித்தார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் போயிருந்தது. அவளைத் தேடிப் பிடித்துச் சோதித்து, பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி ஆணை வந்தது. எழுதினேன். கேட்கக் கூச்சப்பட்டேன் என்று எழுதினேன். அதைவிட நாகரிகமான காரணம் என்னிடம் இல்லை.

கடிதம் எழுதிய கையோடு லோரி யார்டுக்குப் போனேன். மத்தியானம், சாப்பாட்டு நேரம். அண்ணன் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாம்மா, சாப்பிட்டியா? அண்ணி கருவாடு வச்சிருக்கா" என்றார். நான் நின்றுகொண்டே கேட்டேன். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நான் என்ன தப்புச் சொல்லிட்டேன்? குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்கடான்னு சொல்றேன், கேக்குறானுங்க. அங்க போகாதீங்கடான்னா கேப்பானுங்களா? ஆம்பளைங்க லா. அதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக் பண்ணிக்கட்டும்னு இழுத்துட்டு வரேன். கிளினிக்குக்குப் போன்னா எவன் போவான்? எவனாச்சும் பாத்துட்டா மானம் போயிடும். இங்க வந்தா மாலை போடுறாங்க."

"அப்ப என் மேசை?"

"நீ நம்ம புள்ள. நீ கேக்க மாட்டேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார்.

அந்தச் சொல்லை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். வெள்ளத்தில் வந்தது, காதுகுத்துக்கு வந்தது எல்லாம் என் மேசைக்காகவா, அல்லது மேசை தானாகக் கிடைத்த லாபமா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. இரண்டாவதுதான் என்று நம்ப ஆசைப்படுகிறேன். ஆசைப்படும்போதே என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு நான் ஒரு வழியாகக் கேட்டேன். "அண்ணே, நீங்களும் போனீங்களா?" என்றேன். அவர் கை நின்றது. "இத நீ என்னைக் கேக்கலாமாம்மா?" என்றார். கேட்கலாம், கேட்டிருக்க வேண்டும், இத்தனை வருடம் கேட்காமல் விட்டதுதான் குற்றம் என்றேன். அவர் பொட்டலத்தை மடித்தார். "எப்பவாச்சும்" என்றார். அண்ணியின் முகம்தான் என் முன்னால் வந்து நின்றது. அண்ணிக்கு அவரைத் தவிர வேறு உலகம் கிடையாது. அவர் உடம்பில் ஏதாவது இருந்தால் அது அண்ணிக்குப் போயிருக்கும், அண்ணிக்குத் தெரியாமலேயே வளர்ந்துகொண்டிருக்கும். நான் வாய் திறந்து அவளிடம் சொல்லவும் முடியாது. ஒருவரின் உடம்பு ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று தொழில் சொல்கிறது. அவர்தான் சோதித்துப் பார்க்க வேண்டும், அவர்தான் சொல்ல வேண்டும்.

அழாத குறையாகக் கெஞ்சினேன். கிளினிக்கில் சோதனை இலவசம், பெயர் வெளியே போகாது, ஒன்றும் இல்லையென்றால் அதற்குப் பிறகும் வராமல் தடுக்கக் காண்டம் இருக்கிறது, முன்கூட்டியே சாப்பிடுகிற மாத்திரைகூட இப்போது இருக்கிறது, ஏதாவது இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இனி ரத்தம் மட்டும் கொடுக்காதீர்கள், அது சோதனைச் சாலை இல்லை, அந்தப் பை இன்னொருவர் உடம்புக்குள் போகிறது என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா மேல சத்தியமா செக் பண்ணிடுறேன். அண்ணிகிட்டயும் நானே பேசுறேன். என் பேர மட்டும் ஆஸ்பத்திரியில சொல்லிடாத" என்றார். என் பிள்ளை மேல் அவர் சத்தியம் செய்தால் அது கல்லில் எழுதியது என்று நினைத்தேன். டாக்டரம்மா இரண்டாவது முறை கேட்டபோதும் தெரியவில்லை என்றே சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கொத்து ரம்புத்தான் பழம். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அந்தப் பஞ்சைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உட்கார வைத்தேன், தேத்தண்ணி கலந்தேன், வீட்டில் இருந்த முறுக்கை எல்லாம் எடுத்து வைத்தேன். பாப்பா பள்ளிக்கூடத்து வாலிபால் ஆட்டத்தைப் பற்றி அவரிடம் கதை அளந்துவிட்டு உள்ளே போனாள். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"ரிசால்ட் எப்ப வரும்னு சொன்னாங்க அண்ணே?"

"ரிசால்ட்டா? ஏதாச்சும் இருந்தா அவங்களே கூப்பிடப் போறாங்க" என்றார்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். புது முத்திரை. மை இன்னும் பளபளத்தது. காலையில் பந்திங்கில் ஒரு முகாம் நடந்திருக்கிறது. அவ்வளவு தூரம் தனியாக மோட்டார் சைக்கிளில் போய், தெரியாத மேசையில் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லி, ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்திருக்கிறார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து வந்திருக்கிறார். "கிள்ளான்ல குடுத்தா ஒனக்குப் பிரச்ன வரும்னுதான்மா அவ்ளோ தூரம் போனேன்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அழலாம் போலவும் இருந்தது.

புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். அவருக்கு முன்னாலேயே, அதே நாற்காலியில் உட்கார்ந்து, ரத்த வங்கியைக் கூப்பிட்டேன். இன்று காலை பந்திங்கில் எடுத்த ஒரு பையை உடனே ஒதுக்கி வைக்க வேண்டும், கொடுத்தவர் உண்மையை மறைத்துவிட்டார் என்று மலாயில் சொல்லி, புத்தகத்தில் இருந்த பை எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். அவர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் படித்தேன். இரண்டு முறை டாக்டரம்மாவிடம் நான் மறைத்ததும் இந்த ஆளைத்தான் என்று சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த பெண், இவ்வளவு விவரம் தெரிகிறதே, உங்களுக்குச் சொந்தமா அக்கா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மலாய் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுந்தார். ரம்புத்தானை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒன்னக் கூடப் பொறந்தவளாத்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். துரோகம் செய்தவள் நான் என்கிற மாதிரி அவர் முதுகு தெரிந்தது. பை குப்பைக்குப் போனது. அதில் என்ன இருந்தது என்று கேட்கிற உரிமையை நானே விட்டுவிட்டேன். அவர் பெயரைத் தடுப்புப் பட்டியலில் ஏற்றினார்கள், என்னைக் கொஞ்ச நாள் முகாமுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். அது நியாயமான தண்டனை.

இப்போது மறுபடியும் முகாமுக்குப் போகிறேன். எல்லாரையும் கேட்கிறேன். திருநீறு பூசியவர், தலை நரைத்தவர், கோயில் கமிட்டிக்காரர், யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்து, "காசு குடுத்துப் பொம்பளகிட்டப் போனதுண்டா?" என்று தமிழில் கேட்கிறேன். சில பேர் எழுந்து போகிறார்கள். சில பேர் உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துப்போய் ஆமாம் என்கிறார்கள். அவர்கள் கையில் கிளினிக் முகவரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். என் மேசையில் இப்போது வரிசை இல்லை. அந்த ஓட்டுநர் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். மனைவியிடம் சொன்னார். ஆறு மாதம் வீட்டில் பெரும் போர். அவளுக்குச் சோதித்ததில் ஒன்றும் இல்லை, இப்போதும் அவரோடுதான் இருக்கிறாள். உண்மையைச் சொன்னவன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அண்ணனிடம் போய்ச் சொல்லத் தோன்றும். அவர் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்.

போன மாதம் பாசாரில் அண்ணியைப் பார்த்தேன். மீன் கடை முன்னால் நின்று, கெண்டை வெட்டச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மூன்று வருடத்தில் இளைத்துப் போயிருந்தாள். சர்க்கரையாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என்னடி, எங்கள அப்படியே மறந்துட்ட? அவருகிட்டக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாரு. சொந்தத்துக்குள்ள இவ்ளோ நாளு கோவம் ஆகுமா?" என்றாள். அவர் பேசவில்லை என்பது எனக்கு அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் அவள் பக்கத்தில் படுத்து எழுந்து, ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணி, நீங்க ஒரு தடவ முழுசா ரத்தப் பரிசோதன பண்ணிக்கணும். நாளைக்கு லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சர்க்கரை, கொழுப்பு, எச்.ஐ.வி. என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "எய்ட்ஸா? எனக்கு எதுக்குடி அதெல்லாம்? அவரு எத்தன வருசம் ரத்தம் குடுத்தவரு. அவரு ஒடம்புல ஒண்ணு இருந்தா ஆஸ்பத்திரியில சும்மா விட்டிருப்பாங்களா? அவருக்கு இல்லாதது எனக்கு எங்கேருந்து வரும்?"

நான் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்த பிடியையும் விடவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது.

"எதுக்கு நாளைக்கே போகணுங்குற?" என்று கேட்டாள்.

"அத நான் சொல்லக் கூடாது அண்ணி. வீட்டுக்குப் போய் அவர்கிட்ட கேளுங்க. அவர் என்ன சொன்னாலும் காலைல எட்டு மணிக்கு நான் வாசல்ல நிப்பேன்."

மீன்காரர், "ஆன்டி, வெட்டியாச்சு" என்று பையை நீட்டினார். இன்னொரு முறை கூப்பிட்டார். அண்ணி திரும்பவே இல்லை.